கதவு சாத்தியிருந்த கால் மணி நேரம்

— மொதல் ரெண்டு பக்கத்த விடுங்கண்ணே, அதெல்லாம் பொடி விஷயம். நேரா மூணாவது பக்கத்துக்கு வாங்க.

— இரும்மா, கண்ணாடியப் போட்டுக்கறேன். என்ன இது கட்டம் கட்டமா! எங்க டிப்போவுல பஸ் செக் பண்ற காகிதம்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது.

— எங்க கம்பெனி காகிதம்தான். சட்டை செக் பண்றதுக்கு வச்சிருக்கோம். ‘காலர்’னு போட்டிருந்த எடத்துல ‘கிளாஸுக்கு வந்த நேரம்’னு மாத்திக்கிட்டேன். ‘பட்டன்’னு இருந்த எடத்துல ‘பேச்சு’.

— எத்தனை குறைம்மா தேறிச்சு?

— முப்பத்திநாலு. எட்டே சனிக்கிழமையில. எல்லாம் இந்த பெஞ்சுல உக்காந்து, அந்தக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தது. தேதி, மணி எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.

— அடேங்கப்பா! எம் பொண்டாட்டி பதினாலு வருஷமா என்கிட்ட கண்டுபிடிச்சதே அவ்வளவு இருக்காதே.

— சிரிக்காதீங்கண்ணே. எனக்கு வயிறு எரியுது. பதினோரு வருஷமா சட்டையில குறை கண்டுபிடிச்சு சம்பளம் வாங்கறவ நான். என்னைப் போயி வெளிய உக்காருன்னுட்டாளே அந்த வயலின் டீச்சர், அவகிட்ட குறை கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

— சிரிக்கல, சிரிக்கல. ஆனா எதுக்கு என்கிட்ட காட்டறீங்க? நேரா இந்த மியூசிக் ஸ்கூல் கமிட்டிக்குக் குடுத்துட வேண்டியதுதானே. இன்னும் அரை மணியில மாடியில கூடப்போறோம்.

— பெத்தவங்க சார்பா கமிட்டியில இருக்கறது நீங்கதான். உங்க கையெழுத்து அடியில இருந்தாத்தான் அதை எடுத்துப் படிப்பாங்களாம். இல்லன்னா ஏதோ ஒரு அம்மாவோட புலம்பல்னு ஓரமா வச்சிடுவாங்க. பேனா வச்சிருக்கேன்.

— பேனா இருக்கட்டும். எனக்கு ஒரு விஷயம் மொதல்ல புரியணும். டீச்சர் உங்களை என்னதான் சொன்னாங்க? அன்னிக்கு நானும் உள்ள இருந்தேன், ஆனா கொஞ்சம் கண்ணசந்துட்டேன்.

— தூங்கிட்டேன்னு சொல்லுங்க.

— ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நேரா வர்றேன்மா. பையன் வயலினை இழுக்க ஆரம்பிச்சா, மத்தவங்களுக்கு ஓடிப்போகலாம்னு தோணும், எனக்கு தூக்கம் வந்துடுது. சரி, சொல்லுங்க.

— இந்த ஸ்கூல்ல என்ன சட்டம்? எட்டு வயசு ஆகுற வரைக்கும் பெத்தவங்கள்ல ஒருத்தர் கூட வந்து உள்ள உக்காரணும். டீச்சர் சொல்றதை எழுதிக்கணும். வீட்டுல அதே மாதிரி வாசிக்க வைக்கணும். சொன்னாங்களா இல்லையா?

— சொன்னாங்க. நானும் ஒரு நோட்டு வாங்கினேன். மொதல் பக்கத்துல என் பையன் பேரு இருக்கு. அதோட சரி.

— நான் மூணு நோட்டு முடிச்சிருக்கேன். மூணு! எனக்கு வயலின்னா எந்தப் பக்கம் மேலன்னு தெரியாது அண்ணே. புள்ளைக்காக நானும் கத்துக்கிட்டேன். ஒரு பழைய வயலினை இரவல் வாங்கி, அவ தூங்கினப்புறம் குளியலறையில உக்காந்து வாசிப்பேன். விரல் நுனியெல்லாம் காச்சுப்போச்சு, இங்க பாருங்க. வேலைக்குப் போறப்ப பஸ்ஸுல நின்னுக்கிட்டே கம்பியில விரல் வச்சுப் பழகுவேன்.

— ஓ, அது அதுதானா! என் வண்டியில நீங்க வர்றப்ப கண்டக்டர் வந்து என் காதுல சொன்னான், ‘அந்தம்மாவுக்கு ஏதோ நரம்புக் கோளாறு போல, ஒரு சீட்டு காலியானா குடுத்துடறேன்’னு.

— அப்படி உழைச்சவளை, பதினோரு பேரு முன்னாடி, ‘நீங்க அடுத்த வாரத்துலருந்து வெளிய உக்காருங்க, பாப்பா தனியா வரட்டும்’னு சொன்னா. பாப்பாவுக்கு ஏழரை வயசுதான் ஆகுது. சட்டப்படி இன்னும் ஆறு மாசம் இருக்கு. ஏன்னு கேட்டேன். ‘அவ தயாரா இருக்கா’ன்னா. அவ்வளவுதான். நான் நோட்டை மூடி, பேனாவை மூடி, பையில வச்சு, நாற்காலியை மடக்கி, அத்தனை பேரும் பாக்க அந்தக் கதவு வரைக்கும் நடந்து வந்தேன் பாருங்க. நம்ம உடம்புல இருக்கற துணியை யாரோ உருவின மாதிரி இருந்துச்சு.

— தப்புதான். தனியாக் கூப்பிட்டு சொல்லியிருக்கலாம்.

— அப்ப போடுங்க கையெழுத்தை.

— இரும்மா, பிரேக் போடுங்க. நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க வெளிய வந்ததுலருந்து பாப்பா நல்லா வாசிக்கறா. எனக்கு சங்கீதம் தெரியாது, ஆனா நான் தூங்காம இருக்கேன்னா பாத்துக்குங்களேன். போன வாரம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு முழுப் பாட்டு வாசிச்சா. முடிச்சுட்டு தானா சிரிச்சா.

— அதுதாண்ணே எரியுது! எனக்குத் தெரியாதா? இந்த பெஞ்சுல உக்காந்து கேட்டேனே. அதை யாரு சொல்லிக்குடுத்தது? அந்தப் பாட்டை வீட்டுல தப்பில்லாம பத்து தடவை வாசிக்க வச்சது யாரு? எட்டாவது தடவையில தப்பு வந்தாலும் விடமாட்டேன், மறுபடி ஒண்ணுலருந்து. அவ அழுதா நானும் அழுவேன், ஆனா விடமாட்டேன். பேரு மட்டும் டீச்சருக்கு.

— பத்து தடவையா?

— தப்பில்லாம பத்து. எங்க டேபிள்ல அதான் வழக்கம். பத்து பீஸ் எடுப்போம், பத்தும் சரியா இருந்தாத்தான் பெட்டி போகும். அவ நோட்டுலயும் தப்பு வர்ற எடத்துல சிவப்பு அம்பு ஒட்டிடுவேன், சட்டையில குறை இருக்கற எடத்துல ஒட்டுவோமே அந்த ஸ்டிக்கர்.

— பாத்திருக்கேன் அந்த நோட்டை. பாட்டே தெரியல, அம்புதான் தெரிஞ்சுது.

— அப்படி ஒட்டினதாலதான் இன்னிக்கு அம்பு இல்லாம வாசிக்கறா. சரி, பேச்சை மாத்தாதீங்க. மூணாவது பக்கத்தைப் படிங்க. சிவப்புக் கட்டம்.

— ‘வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவியை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது. மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம். கண்ணாடியின் மேல் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது.’ அட, இது யாரு, நம்ம பாப்பாவா?

— ஆமா.

— திரையையும் இழுத்துவிட்டாங்களா?

— இழுத்துவிட்டா. நான் இங்கதான் உக்காந்திருக்கேன். ரெண்டடி தள்ளி. எனக்குத் தெரியக்கூடாதுன்னே இழுத்துவிட்டா. ஸ்கூல் சட்டம் என்ன சொல்லுது? ஒரு புள்ளையோட தனியா இருக்கறப்ப கதவைச் சாத்தக்கூடாது. சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க, பாருங்க, உங்க தலைக்கு மேலதான்.

— பாப்பாகிட்ட கேட்டீங்களா?

— கேட்காம இருப்பேனா? ‘பேசிட்டிருந்தோம்’னா. என்ன பேசினீங்கன்னா தரையைப் பாக்கறா. மூணு தடவையும் கண்ணு செவந்துதான் வெளிய வந்தா.

— அய்யய்யோ. அம்மா, இது வேற மாதிரி ஏதாவது தப்புத்தண்டாவா இருந்துடப்போகுது. மொதல்ல ஒரு டாக்டர்கிட்ட...

— அதெல்லாம் இல்ல. அந்தம்மா அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு எனக்கே தெரியும். புள்ளைங்க மேல உயிரா இருப்பா, அதுல நான் பொய் சொல்லமாட்டேன்.

— அப்ப எதுக்கு இதைப் போட்டிருக்கீங்க? இதைப் படிக்கறவன் என்ன நெனப்பான்?

— நான் என்ன எழுதியிருக்கேன்? கதவு சாத்தியிருந்துச்சுன்னு எழுதியிருக்கேன். சாத்தியிருந்துச்சா இல்லையா? படிக்கறவங்க என்ன வேணா நெனச்சுக்கட்டும். அது அவங்க பாடு.

— இது கொஞ்சம் அநியாயமா இல்ல?

— அண்ணே, எங்க தொழில்ல நூறு நூல் பிசிறு இருந்தாலும் சட்டையை சரி பண்ணி அனுப்பிடலாம். ஆனா ஒடஞ்ச ஊசி முனை ஒண்ணு துணிக்குள்ள இருந்துச்சுன்னு வைங்க, அத்தோட முடிஞ்சுது. ஏன் ஒடஞ்சுது, யாரு ஒடச்சான்னு யாரும் கேக்கமாட்டாங்க. மொத்த சரக்கும் திரும்பி வந்துடும். மத்த முப்பத்திமூணு குறையும் நூல் பிசிறு. அந்தக் கதவுதான் ஊசி. எட்டு வாரம் காத்துக்கிட்டு இருந்து புடிச்சேன்.

— நான் கையெழுத்துப் போடலைன்னா?

— போடாதீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டாவது பக்கத்துல இருபத்திரெண்டாவதைப் படிங்க.

— ‘பெற்றோரை மாணவர் முன்னிலையில் இழிவு செய்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர்...’ ஏம்மா, இதையுமா எழுதி வச்சீங்க!

— நீங்க அசந்துட்டீங்கன்னு உங்க காதுகிட்ட வந்து, வயலின் வில்லைக் கம்பியில வச்சு ‘கிறீச்’னு இழுத்தாளே. நீங்க ‘ஸ்டாப்பிங் வந்துடுச்சா’ன்னு கத்திக்கிட்டு எழுந்தீங்க. புள்ளைங்க எல்லாம் உருண்டு உருண்டு சிரிச்சுது. உங்க பையன் மட்டும் சிரிக்கல. நான் கண்ணாடி வழியா அவனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— ...அவன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் என்கூட பேசல. அடுத்த வாரம் ‘அம்மாவை வரச் சொல்லுப்பா’ன்னான். ‘நீ வராத’ன்னு சொல்லல. ‘அம்மாவை வரச் சொல்லு’ன்னான்.

— அவ சிரிச்சாளா, இல்லையா?

— சிரிச்சாங்க. வாயைப் பொத்திக்கிட்டு.

— ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு வர்ற மனுஷன். ஒரு மன்னிப்பு கேட்டாளா?

— ஊர் முழுக்க என் வண்டியில ஏறுது. ஒருத்தன் என்னைப் பாத்து இது வரைக்கும் சிரிச்சதில்லம்மா.

— நான் வற்புறுத்தல. உங்க இஷ்டம்.

— பேனாவைக் குடுங்க.

— இங்க. தேதியும் போட்டுடுங்க.

— என்னமோ போடறேன். எனக்கு மனசு ஒப்பல, சொல்லிட்டேன்.

— மனசை வீட்டுக்குப் போயி ஒப்ப வச்சுக்கலாம். மாடிக்குப் போங்க, நேரமாச்சு.

*

— என்னண்ணே இவ்வளவு நேரம்! ஒரு மணி நேரமா இந்தப் படியையே பாத்துக்கிட்டு இருக்கேன். என்ன ஆச்சு?

— கொஞ்சம் தண்ணி இருக்கா?

— இந்தாங்க. சொல்லுங்க.

— முடிஞ்சுது. இனிமே வரமாட்டாங்க.

— நிஜமாவா? தூக்கிட்டாங்களா?

— தூக்கல. தானே எழுதிக் குடுத்துட்டாங்க.

— மொதல்லருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் இதுக்காக எட்டு வாரம் உக்காந்திருக்கேன்.

— என்னத்தச் சொல்ல. தலைவரு உங்க காகிதத்தை எடுத்து ஒவ்வொண்ணாப் படிச்சாரு. டீச்சர் ஒண்ணொண்ணுக்கும் பதில் சொன்னாங்க. நாலு நிமிஷம் லேட்டுன்னதும், ‘ஆமா, பஸ் வரல’ன்னாங்க. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. இருபத்திரெண்டாவது வந்ததும் என் பக்கம் திரும்பி, ‘அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான். மன்னிச்சுடுங்க. உங்க பையன் முன்னாடி செஞ்சிருக்கக் கூடாது’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. எனக்கு மேசைக்கு அடியில போயிடலாம்போல இருந்துச்சு.

— பயம். வேலை போயிடும்னு பயம். அப்புறம்?

— அப்புறம் கதவு. ‘எதுக்காக சாத்தினீங்க?’ன்னாரு தலைவர். ‘சாத்தினது நெஜம்’னாங்க. ‘உள்ள என்ன நடந்துச்சு?’ன்னாரு. ‘அதுக்கு மட்டும் பதில் சொல்ல முடியாது. வேற எது வேணாக் கேளுங்க’ன்னாங்க.

— பாத்தீங்களா! பதில் இருந்தாத்தானே சொல்ல.

— மூணு தடவை கேட்டாரு. கடைசியில கெஞ்சற மாதிரியே கேட்டாரு. ‘ஏதாவது ஒரு காரணம் சொல்லிடுங்கம்மா, நான் எழுதிக்கிட்டு விட்டுடறேன்’னாரு. டீச்சர் மேசையில இருந்த ஒரு கீறலையே நகத்தால தடவிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி ரெண்டு வரி எழுதிக் குடுத்தாங்க.

— எனக்கு மட்டும் அன்னிக்கு காரணம் சொன்னாளா? ‘அவ தயாரா இருக்கா’ன்னு மூணு சொல்லுல என்னை வெளிய தள்ளினா இல்ல? இப்ப தெரியட்டும், காரணம் தெரியாம நிக்கறவங்க வலி எப்படி இருக்கும்னு.

— மெதுவாப் பேசுங்க. இறங்கி வர்றாங்க.

— வரட்டுமே. நான் ஏன் மெதுவாப் பேசணும்? ...என்ன டீச்சர், கெளம்பிட்டீங்களா? பெட்டி கனமா இருக்கா? பாத்து, படி வழுக்கும்.

— தங்கச்சி, வேணாம்.

— பாருங்க, நிக்கறா. என்னைப் பாக்கறா. என்னமோ சொல்லப்போறா. சொல்லேன், சொல்லு... ஊஹூம், போயிட்டா.

— அழுதிருக்காங்கம்மா.

— நானும்தான் அழுதேன்! இதே பெஞ்சுல, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு. உள்ள எம் பொண்ணு வாசிக்கற சத்தம் கேக்குது, என்னால பாக்க முடியல. அப்ப நீங்க யாராவது எட்டிப் பாத்தீங்களா? அழட்டும்ணே. நல்லா அழட்டும். எட்டு வாரத்துல இன்னிக்குத்தான் எனக்குத் தொண்டையில சோறு எறங்கும்.

— எனக்கு எறங்காது போலிருக்கு.

— உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு ரிவர்ஸ் கியர் இருக்கு. கெளம்புங்க, உங்க பையன் வந்துட்டான், டீச்சருக்குப் பதிலா வந்த பாட்டு சார் கிளாஸை முடிச்சுட்டாரு போல. எம் பொண்ணும் வர்றா பாருங்க. வாடா கண்ணு! வா, பையைக் குடு.

— அம்மா, டீச்சர் எங்க? இன்னிக்கு ஏன் வேற சார் வந்தாரு?

— டீச்சர் வீட்டுக்குப் போயிட்டாங்க.

— அடுத்த வாரம் வருவாங்களா?

— இல்லடா. அவங்க இனிமே இந்த ஸ்கூலுக்கு வரமாட்டாங்க. வேற டீச்சர் வருவாங்க, இவங்களை விட நல்ல டீச்சர். அம்மா எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டேன். அடுத்த வாரத்துலருந்து அம்மாவே உள்ள உன் பக்கத்துல உக்காருவேன், முன்ன மாதிரி. சந்தோஷம்தானே? என்னடா? ஏன் வயலின் பெட்டியை அப்படிக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கற? அழறியா? எதுக்குடி இப்ப அழற?

— பாப்பா, இங்க வா கண்ணு. மாமாகிட்ட சொல்லு. என்ன ஆச்சு?

— மாமா, டீச்சரை கதவு சாத்தினதுக்காகவா அனுப்பிட்டாங்க? உள்ள பசங்க எல்லாம் சொன்னாங்க.

— ...ஆமாண்டா. ஏன் சாத்தினீங்கன்னு கேட்டாங்க. டீச்சர் பதிலே சொல்லல.

— சொல்லமாட்டாங்க மாமா. நான் சத்தியம் வாங்கியிருந்தேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு.

— என்ன சத்தியம்? என்னடி சத்தியம்? என்னைப் பாத்து சொல்லு. அம்மா அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன். என்ன பண்ணா அவ உன்னை?

— ஒண்ணும் பண்ணலம்மா. அம்மா உள்ள இருந்தா கை நடுங்குதுன்னு நான்தான் டீச்சர் காதுல சொன்னேன். உன்னை வெளிய உக்கார வைங்கன்னு நான்தான் கேட்டேன்.

— பொய். அவ சொல்லிக் குடுத்தது.

— தங்கச்சி, புள்ளையைப் பேச விடுங்க. கதவை எதுக்குடா கண்ணு சாத்தினாங்க?

— அம்மா கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்தாங்கல்ல, அதான் நான் சாத்தச் சொன்னேன்.

— சாத்திட்டு? சாத்திட்டு உள்ள என்னடி பேசினா, கால் மணி நேரம்?

— ‘உங்கம்மா பாவம், தனியா பெஞ்சுல உக்காந்திருக்காங்க, உள்ள கூப்பிட்டுக்கலாமா’ன்னு மூணு வாரமும் டீச்சர் கேட்டாங்கம்மா. நான்தான் வேணாம்னு அழுதேன்.